படி இல்லாமல் ஏற முடியுமா?

பல்கலைக்கழகத்தில் செய்யும் தொழிற்பயிற்சியை நம் பெற்றோர் பலர் இன்னொரு பாடமாகத்தான் நினைக்கிறார்கள். பாயான் லெப்பாஸில் பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: பலருக்கு முதல் வேலையே அங்கிருந்துதான் கிடைக்கிறது.

அந்த வாசலுக்கு வரவே வசதியில்லாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. பேராவின் கிரிக் பக்கத்து ஓராங் அஸ்லி கிராமத்து மாணவருக்குப் பினாங்கில் தங்க உறவினர் வீடு ஏது? அறை வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாம் கைக்காசுதான். தோட்டப்புறத்திலிருந்து வரும் நம் பிள்ளைகளின் நிலையும் இதுவே. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆனால், படிப்பின் அங்கமான பயிற்சிக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மாணவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே 2009இல் தொடங்கிய கேரியர்டிராக்கர்ஸ் அமைப்பு, அவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி ஏற்பாடு செய்கிறது. படிப்பு முடியும்வரை விடுமுறைதோறும் அதே நிறுவனத்துக்குத் திரும்பலாம். பட்டம் வாங்கும் நாளில் அலுவலகமும் பழகியிருக்கும், அனுபவமும் சேர்ந்திருக்கும்.

நம் நாட்டிலும் டேலண்ட்கார்ப் திட்டத்தின்கீழ் படித்தொகையோடு பயிற்சி தரும் நிறுவனங்களுக்கு இரட்டை வரிக்கழிவு கிடைத்து வந்திருக்கிறது. ஆகவே மாணவர்களே, விண்ணப்பிக்கும்போதே “படித்தொகை எவ்வளவு?” என்று கேளுங்கள், அது பேராசை அல்ல. நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் நம்மவர்களே, அவர்கள் கேட்கும் முன்பே தொகையை விளம்பரத்தில் எழுதிவிடுங்கள். கூச்சத்தால் கேட்காமல் ஒதுங்கிப் போகிறவர்தான் பெரும்பாலும் அதிகம் தேவைப்படுகிறவர்.