முத்திரையும் வாய்மையும்

அழகுசாதனப் பொருள்களை விற்கும் பெருங்கடைகள், உடல்நலமும் சூழல்நலமும் கருதும் நுகர்வோருக்காகத் தாமே தரநெறிகளை வகுத்து முத்திரை வழங்குகின்றன. செபோரா நிறுவனம் 2018ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'கிளீன்' எனும் தூய்மை முத்திரையை அறிமுகப்படுத்தியது. அது விலக்கிய வேதிப்பொருள்கள் சேராத தயாரிப்புகளே அம்முத்திரையைப் பெறும். அல்டா நிறுவனம் 2020இல் தூய மூலப்பொருள், விலங்குகளிடத்துச் சோதனை செய்யாமை, விலங்குவழிப் பொருள் கலவாமை, சூழலுக்கேற்ற உறை, சமூகநலன் என ஐந்து கூறுகளில் தரநெறி வகுத்தது.

முத்திரை எதனை உறுதிசெய்கிறது என்பதே வினா. தூய்மை முத்திரை பெற்ற தயாரிப்புகளிலும் செயற்கை வேதிப்பொருள்கள் உள்ளன என 2022இல் நியூயார்க் மாநிலத்தில் நுகர்வோர் ஒருவர் செபோரா மீது வழக்குத் தொடுத்தார். குறிப்பிட்ட சில வேதிப்பொருள்கள் இல்லை என்றுதான் நிறுவனம் கூறியது. செயற்கைப் பொருள் எதுவுமே இல்லை எனக் கூறவில்லை. எனவே, 2024இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வாங்கியவர் எண்ணிய தூய்மை வேறு. பட்டியல் சுட்டிய தூய்மை வேறு.

விதி வகுப்பவரும் விற்பவரும் ஒருவரேயாயின், சரிபார்ப்பவர் வேறொருவராதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், சான்றளிப்பு முறையோ அரசின் ஏற்போ இல்லாத சூழல் முத்திரைகளைத் தடைசெய்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறைக்குரியது. வழங்கியவர் யார், அளவுகோல் யாது, சரிபார்த்தவர் யார் என வினவிய பின்னரே முத்திரையை நம்புதல் அறிவுடைமையாகும்.