வாடகை கேட்காத கணிதம்

இக்காலத்து முழு எச்டி தொலைக்காட்சித் திரையில் தோன்றி மறையும் ஒவ்வொரு சித்திரமும், குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்ற கணக்கில், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று வர்ணங்களும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதை வர்ணத்துக்கு ஒரு பைட் வீதம் குறித்துக்கொண்டு, வினாடிக்கு 25 சித்திரங்கள் என்று வைத்துப் பெருக்கினால், ஒரு வினாடிக் காட்சிக்கு மட்டும் 15 கோடியே 55 லட்சம் பைட் இடம் வேண்டியிருக்கும். இரண்டரை மணி நேரம் ஓடும் திரைப்படம் ஒன்றுக்கோ அது 1,400 கிகாபைட்டாகப் பெருகிவிடும். அந்தத் திரைப்படத்தையே நாம் கைப்பேசியில் ஓரிரு கிகாபைட்டில் இறக்கிப் பார்த்து, நடிகரின் முகபாவத்தில் யாதொரு குறையும் காணாமல் ரசிக்கிறோம் என்றால், ஆயிரம் பங்கை ஒரு பங்காக ஒடுக்கும் கணித வித்தை ஒன்று இடையில் நடந்திருக்கிறது. அந்த வித்தையைச் செய்யும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அத்தகைய முறைகளில், ஒருவருக்கும் உரிமைத்தொகை செலுத்தாமல் எவரும் எடுத்தாளக்கூடிய ஒன்றை உண்டாக்குவதற்காகப் பல தேசத்துப் பொறியாளர்கள் பதினேழு ஆண்டுகள் பட்ட பிரயாசையும், அதன் பலனாக 2018 மார்ச் மாதத்தில் வெளியான ஏவி1 என்னும் அமைப்புமே இக்கட்டுரையின் விஷயம்.

வித்தையின் சூட்சுமத்தை முதலில் அறிவது நல்லது. நாள்தோறும் அரைப்படி பால் வாங்கும் குடும்பத்தில், பால் கணக்கு எழுதும் இல்லத்தரசி தினமும் அரைப்படி என்று எழுதிக்கொண்டிருப்பதில்லை. கூடுதலாக வாங்கிய நாளையும் வாங்காத நாளையும் மட்டும் நாட்காட்டியில் குறித்துவைத்து, மாத முடிவில் முழுக்கணக்கையும் தவறாமல் சொல்லிவிடுகிறாள். அசையும் படத்தைச் சுருக்கும் யந்திரமும் இவ்வாறே, சித்திரத்தைச் சிறுசிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்திய சித்திரத்தில் எந்த இடத்திலிருந்து நகர்ந்து வந்தது என்றும், அப்படி எங்கிருந்தும் வராததாயின் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு எவ்வாறு இருக்கக்கூடும் என்றும் ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எழுதிவைக்கிறது. அந்த வித்தியாசத்தையும் உள்ளபடியே எழுதாமல், மெதுவாக மாறும் அலைகளும் விரைவாக மாறும் அலைகளும் கலந்த ஒரு கலவையாக அதை மாற்றிக்கொண்டு, மனிதக் கண் எளிதில் உணராத விரைவான அலைகளைத் தாராளமாக வெட்டிவிட்டு, எஞ்சிய எண்களை அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறியும் அபூர்வமாக வருவதற்கு நீண்ட குறியும் இட்டு அடுக்குகிறது. ஊகம், அலைமாற்றம், வெட்டு, குறியிடல் என்ற இந்த நான்கு படிகளும் ஏறக்குறைய எல்லாக் கோடெக்குகளுக்கும் பொதுவானவை.

இவற்றுள் இரண்டாம் படிக்கு ஆதாரமாக நிற்கும் தனித்த கோசைன் உருமாற்றம் என்ற கணக்கு, பெங்களூரில் பிறந்து அமெரிக்காவின் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த நசீர் அகமது என்பவரின் சிந்தையில் உதித்தது. 1972-இல் இதை ஆராய்வதற்குப் பொருளுதவி வேண்டி அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு அவர் விண்ணப்பித்தபோது, யோசனை மிகவும் எளிமையானது என்ற அபிப்பிராயத்தின் பேரில் அது நிராகரிக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடாமல், டி. நடராஜன் என்ற தம் மாணவரையும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று டெக்சாஸில் பேராசிரியராயிருந்த கே. ஆர். ராவையும் துணைக்கொண்டு ஆராய்ச்சியை முடித்து, 1974 ஜனவரியில் ஓர் ஆராய்ச்சிச் சஞ்சிகையில் வெளியிட்டார். எல்லோரும் படிக்கும்படி அச்சேறிய அந்தச் சில பக்கங்களின்மீது ஜேபெக் புகைப்படமும், எச்.261 முதலாக இன்றுவரை வந்துள்ள பெரும்பாலான வீடியோ முறைகளும் நிற்கின்றன. அஸ்திவாரமே பொதுச் சொத்தாயிருக்க, அதன்மேல் எழுந்த கட்டடத்துக்கு வேலி வந்தது எப்படி என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

கட்டங்களை எவ்வாறு பிரிப்பது, அரைப்புள்ளி, கால்புள்ளி தூரம் நகர்ந்த பொருளை எவ்வாறு ஊகிப்பது, கட்டங்களின் விளிம்பில் தெரியும் கோட்டை எவ்வாறு அழிப்பது என்பன போன்ற நுணுக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் பற்பல கம்பெனிகள் தனித்தனியே காப்புரிமை பெற்றன. 2003-இல் வெளிவந்து உலகமெங்கும் பரவிய எச்.264 என்ற முறை, உயர்ந்த கலைத்திறன் வாய்ந்த படைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதை உபயோகிக்கும் மென்பொருளையோ கருவியையோ விநியோகிப்பவர்கள், காப்புரிமைதாரர்களின் சார்பில் வசூலித்த எம்பெக் எல்ஏ என்ற ஸ்தாபனத்துக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று தொகை கட்ட வேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டுவாக்கில் ஒரு நிறுவனம் கட்டவேண்டிய தொகைக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. பெரிய வியாபாரிக்கு அது ஒரு செலவினம். தாம் எழுதியதை ஊருக்கெல்லாம் இலவசமாக வழங்கி, பெற்றவர் அதைப் பிறருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று அனுமதித்திருப்பவருக்கோ, பிரதிகளை எண்ணுவதே சாத்தியமில்லாதபோது பிரதிக்குக் காசு என்பது கதவடைப்புக்குச் சமானம். 2013-இல் வந்த எச்.இ.வி.சி. என்ற அடுத்த முறையில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. வசூலிக்கும் ஸ்தாபனம் ஒன்று போதாமல் 2015-இல் இரண்டாவதும் 2017-இல் மூன்றாவதும் தோன்றி, அவற்றில் எதிலும் சேராத காப்புரிமைதாரர்களும் இருக்க, மொத்தம் எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத குழப்பம் ஏற்பட்டது. செல்வமிக்க பெருங்கம்பெனிகளையும் மாற்று வழி தேட வைத்தது இந்தக் குழப்பமே என்பது என் எண்ணம். கட்டணம் அதிகமாயிருந்தும் நிச்சயமாயிருந்திருக்குமானால், அவர்கள் அதைக் கட்டிவிட்டுப் பேசாமலிருந்திருப்பார்கள்.

மாற்று வழியின் முதல் தடம் 2001-இல் பதிந்தது. அமெரிக்காவின் ஆன்2 என்ற கம்பெனி, தன் விபி3 என்னும் கோடெக்கைக் காப்புரிமைகளோடு சேர்த்து, திரும்பப் பெறமுடியாத உறுதியுடன் பொதுவில் விட்டது. திறந்த ஒலி முறையாகிய வோர்பிஸை உருவாக்கிய ஷிஃப் அமைப்பினர் அதைக் கையிலெடுத்துச் செப்பனிட்டு, தியோரா என்று பெயர் சூட்டி, 2008 நவம்பரில் முதற் பதிப்பாக வெளியிட்டனர். அந்தப் பதிப்பு வருமுன்பே, இணையப் பக்கத்துக்குள்ளேயே வீடியோவைக் காட்டுவதற்கு எச்டிஎம்எல்5 என்ற விதித்தொகுப்பு இயற்றப்பட்டபோது, அதன் வரைவில் தியோரா சிபாரிசு செய்யப்பட்டிருந்தும், ஆப்பிள், நோக்கியா முதலிய கம்பெனிகளின் ஆட்சேபத்தால் 2007 இறுதியில் அந்தச் சிபாரிசு நீக்கப்பட்டது. தியோராவின் தரம் எச்.264-க்கு ஈடாயில்லை என்பதும் மறுக்க முடியாத உண்மை. 2010-இல் கூகிள் கம்பெனி ஆன்2-வையே 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, விபி8 என்ற அதன் புதிய முறையை அந்த ஆண்டு மே மாதத்திலேயே திறந்துவிட்டது. 2013-இல் விபி9 வந்தது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகம், 2014-இல் எச்.264-ஐ ஏற்கலாமா என்று தன் பங்களிப்பாளர்களைக் கலந்து, வேண்டாமென்று தீர்மானித்து, இத்தகைய திறந்த முறைகளிலேயே உறுதியாக நின்றது. தமிழ் விக்கிப்பீடியாவில் நாம் காணும் வீடியோக்களும் அந்தத் தீர்மானத்துக்கு உட்பட்டவையே.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, ஷிஃப் அமைப்பிலும் மொசில்லாவிலும் பணியாற்றிய டிமதி டெரிபெரி, ழான்-மார்க் வலான், கிறிஸ்டபர் மாண்ட்கோமரி முதலியோர் தாலா என்ற பெயரில் தொடங்கிய முயற்சியை நான் தனித்துச் சொல்ல விரும்புகிறேன். காப்புரிமை வேலியைத் தாண்டுவதற்கு, வேலியோரமாகவே நடந்து இடுக்குத் தேடாமல், வேலியே இல்லாத நிலத்துக்குப் போய்விடுவது என்பது இவர்களுடைய துணிவு. எல்லோரும் கட்டங்களைத் தனித்தனியே மாற்றிவிட்டு, விளிம்பில் தெரியும் கோட்டைப் பின்னர் அழிக்க முயலுகையில், இவர்கள் அடுத்தடுத்த கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்படியான உருமாற்றத்தைக் கையாண்டு, கோடு தோன்றுவதற்கே இடமில்லாமல் செய்தனர். கருத்து அழகானதுதான், ஆயினும் பக்கத்துக் கட்டம் முழுவதும் உருவாகி முடியாத நிலையில் அதன் புள்ளிகளைக் கொண்டு அடுத்த கட்டத்தை ஊகிக்க முடியாமற்போகவே, ஒரு கையால் ஈட்டிய லாபத்தை மறு கையால் இழக்க நேர்ந்தது. அடிப்படைக் கொள்கைகளாக அவர்கள் நம்பியிருந்த இரண்டு பெரிய கருத்துக்களும், அதாவது படியும் உருமாற்றமும் வெட்டுவதற்கு அவர்கள் வகுத்த புதிய முறையும், இறுதியில் ஏவி1-இல் இடம்பெறவில்லை.

ஆனால் அந்த உழைப்பு வீணாகிவிடவில்லை. சித்திரத்தைத் தூரிகையால் தீட்டியது போலக் காட்டும் ஒரு சோதனையில் வலான் ஈடுபட்டிருந்தபோது, ஒவ்வொரு சிறு கட்டத்திலும் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று விரைவாகக் கண்டறியும் கணக்கு ஒன்று அவருக்குக் கிடைத்தது. கூர்மையான விளிம்புகளைச் சுற்றிச் சுருக்கத்தால் உண்டாகும் நடுக்கம் போன்ற கறையைத் துடைக்க முயல்பவர்கள், கறையோடு விளிம்பையும் மழுங்கடித்துவிடுவது வழக்கம். விளிம்பின் திசை தெரிந்தால், அதன் வழியே மட்டும் துடைத்துக் கூர்மையைக் காப்பாற்றிவிடலாம் அல்லவா? ஓவியத்துக்காகப் பிறந்த திசைக் கணக்கு இவ்வாறு துடைக்கும் வடிகட்டியாக உருவெடுத்தது. அதே காலத்தில் சிஸ்கோ கம்பெனியின் நார்வேப் பொறியாளர்கள் தோர் என்ற தங்கள் முறைக்காக வேறொரு வடிகட்டியை அமைத்திருந்தனர். இரண்டும் ஒன்றாக இணைந்து இன்று ஏவி1-இல் வேலை செய்கின்றன. எண்களைக் குறியிடும் கடைசிப் படியிலும், எச்.264-இல் ஒரு முறைக்கு இரண்டிலொன்று என்று தீர்மானிக்கும் வழக்கம் இருக்க, ஒரே முறையில் பதினாறு வகை வரை தீர்மானிக்கும் தாலாவின் குறியீட்டு முறையே ஏற்கப்பட்டது.

2015 செப்டம்பரில் அமேசான், சிஸ்கோ, கூகிள், இன்டெல், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ் ஆகிய ஏழு நிறுவனங்கள் திறந்த ஊடகக் கூட்டணி என்ற சங்கத்தை நிறுவின. கூகிள் தனியே தொடங்கியிருந்த விபி10, தாலா, தோர் ஆகிய மூன்று நதிகளும் அங்கே சங்கமமாயின. அதுவரை திறந்த முறைகளை எதிர்த்துவந்த ஆப்பிளும் 2018 தொடக்கத்தில் அதில் சேர்ந்தது. விபி9-ஐவிட முப்பது சதவீதம் கூடுதலாகச் சுருக்குவது இலக்காக வைக்கப்பட்டது. புதிய உத்தி ஒன்றை ஒருவர் கொண்டுவந்தால், அது எத்தனை பைட் மிச்சப்படுத்துகிறது, எவ்வளவு கணக்குவேலை வைக்கிறது, சிப் எனப்படும் மின்னணுச் சில்லில் பதிக்க இயலுமா என்று பொறியாளர்கள் பார்ப்பதோடு, எவருடைய காப்புரிமையிலாவது அது மோதுகிறதா என்று சட்ட நிபுணர்களும் பார்த்து முடிந்த பிறகே அதற்கு அனுமதி கிடைக்கும். திறந்த முறை என்றால் ஏதோ ஒரு தர்மவான் மனமிரங்கி விட்டுக்கொடுத்தது என்று நினைப்பவர்கள், வரிக்கு வரி சட்டப் பரிசோதனைக்கு உட்பட்டு எழுந்த இந்தக் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும்.

இதன் அங்கங்கள் பல. 128 புள்ளி அகலமுள்ள பெருங்கட்டம் முதல் 4 புள்ளிச் சிறுகட்டம் வரை வேண்டியவாறு பிரித்துக்கொள்வதும், ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே வர்ணத்தை ஊகிப்பதும், காமிரா திரும்பும்போது காட்சி முழுவதும் சுழல்வதை ஒரே சூத்திரத்தில் சொல்லிவிடுவதும் அவற்றுட் சில. எனக்கு மிகவும் பிடித்தது, நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் அளித்த படச்சுருள் மணி உத்தி. பழைய திரைப்படங்களில் சுருளின் ரசாயனத் துகள்களால் உண்டாகும் மெல்லிய மணிமணியான தோற்றம் ஒழுங்கற்றதாகையால், எந்த ஊகத்துக்கும் அகப்படாமல் இடத்தை ஏராளமாக விழுங்கிவிடும். துடைத்துவிட்டாலோ படத்தின் ஜீவன் போய்விடும். ஆகவே அனுப்பும் இடத்தில் மணிகளை நீக்கி, அவற்றின் அளவும் அடர்த்தியும் இன்னவை என்ற சில எண்களை மட்டும் உடன் அனுப்பி, பார்க்கும் இடத்தில் அதே தன்மையுள்ள மணிகளைப் புதிதாகத் தூவிவிடுகிறார்கள். தனித்தனி மணிகள் மூலப்படத்தின் மணிகள் அல்ல. ஆயினும் கண்ணுக்குக் கிடைக்கும் அனுபவம் அதுவேயாகிறது.

இந்தச் சிறப்புக்கு விலையாகக் கொடுத்தது காலம். ஆரம்பத்தில் ஏவி1-ஆகச் சுருக்குவதற்கு ஆன நேரத்தைக் கண்டு, இது பிரயோஜனப்படாது என்று பலர் ஒதுக்கினர். வேகமான சுருக்கிகள் எழுதப்பட்ட பிறகே அந்தக் குறை தணிந்தது. காப்புரிமைக் கோரிக்கையும் வராமலில்லை. 2019-இல் சிஸ்வெல் என்ற கம்பெனி, ஏவி1-இலும் விபி9-இலும் தன் சார்பினரின் காப்புரிமைகள் அடங்கியுள்ளன என்று கூறிக் கட்டணம் அறிவித்தது. கூட்டணியின் உரிமப் பத்திரத்திலோ, ஏவி1-ஐ எதிர்த்துக் காப்புரிமை வழக்குத் தொடுப்பவர் அதை இலவசமாக உபயோகிக்கும் உரிமையைத் தாமே இழப்பார் என்ற ஷரத்து எழுதப்பட்டிருக்கிறது. உறுப்பினர்களுக்குள் சண்டை மூளாமலிருக்க இது நல்ல காவல்தான். கருவி எதையும் செய்யாமல் காப்புரிமையை மட்டும் வைத்திருப்பவரிடம் இந்தக் காவல் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திறந்த விதித்தொகுப்பினால் விளைந்த நன்மைக்கு நேரான சான்று, ஏவி1-ஐ விரித்துக்காட்டும் டேவிட் என்ற மென்பொருள். விஎல்சி என்னும் பிரசித்தமான இலவச வீடியோ இயக்கியை அளித்த வீடியோலேன் என்ற பிரெஞ்சு சங்கத்தினர், கூட்டணியின் பொருளுதவியோடு 2018-இல் இதைத் தொடங்கினர். கூட்டணியின் மாதிரி நிரலைச் செதுக்கிக்கொண்டிராமல், விதித்தொகுப்பை மட்டும் ஆதாரமாக வைத்துப் புதிதாகவே எழுதி, வேகம் தேவைப்பட்ட பகுதிகளையெல்லாம் யந்திர மொழிக்கு மிக நெருங்கிய அசெம்பிளியில் கையாலேயே எழுதிச் சேர்த்தனர். ஏவி1-க்கென்று தனிச் சில் உள்ள கைப்பேசிக்கு இதன் உதவி தேவையில்லை. ஆப்பிள் கம்பெனியும் 2023-இல் தன் உயர்ந்த ரக ஐபோனில் அத்தகைய சில்லை வைத்துவிட்டது. சில் இல்லாத மலிவான கைப்பேசிகளை எண்ணியே அந்த அசெம்பிளி வரிகள் எழுதப்பட்டன. 2024-இல் கூகிள், தன் சொந்த விரிப்பானைத் தள்ளிவைத்து, ஆண்ட்ராய்டு 12 முதலாக உள்ள கைப்பேசிகளுக்கு டேவிட்டை அனுப்பத் தொடங்கியது.