மணி கழற்றப்பட்ட தீயணைப்பு வண்டிகள்

மேலை நாடுகளின் பழங்கால வாகனக் கண்காட்சிகளில் ஒரு விசித்திரமான கார் அவ்வப்போது தென்படும். நீண்ட முகப்பு, கூரையற்ற இரண்டே இருக்கைகள், பின்னால் உருளை வடிவப் பெட்ரோல் தொட்டி, பின்சக்கரங்களைச் சுழற்றும் தடித்த சங்கிலிகள். 1910களின் பந்தயக் கார் என்றே எவரும் எண்ணுவர். விவரக் குறிப்பைப் படித்த பிறகுதான் தெரியும், அது தீயணைப்பு வண்டியாகப் பிறந்தது என்று.

இப்படி உருமாறியவற்றில் பல, 'அமெரிக்கன் லாஃபிரான்ஸ்' நிறுவனத்தின் வண்டிகள். நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் இயங்கிய இந்நிறுவனம், தன் முதல் மோட்டார் தீயணைப்பு வண்டியை 1910இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெனாக்ஸ் என்ற சிற்றூருக்கு அளித்தது. பின்னர் வந்த பெரிய வண்டிகளின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குக் கொள்ளளவு சுமார் 14 லிட்டர். அதாவது, அதன் ஒரு சிலிண்டரே இன்றைய 1.2 லிட்டர் சிறு கார்கள் இரண்டின் முழு எஞ்சினுக்கு ஏறத்தாழச் சமம்!

இவ்வளவு பெரிய எஞ்சின் வேகத்துக்காகச் செய்யப்பட்டதன்று. தீப்பிடித்த இடத்தில் வண்டி நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. அதே எஞ்சின்தான் பம்பை இயக்கி, மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஆகவே மெதுவாகச் சுழன்று, சூடேறாமல், சளைக்காமல் உழைக்கும்படி அதை வடிவமைத்தார்கள். ஒரு தீப்பொறிச் செருகி பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று சிலிண்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செருகிகளைப் பொருத்தினார்கள். ஊர் எல்லைக்குள் மட்டுமே ஓடி, நிலையத்தில் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கப்பட்டதால், ஓய்வுபெறும்போதும் இவ்வண்டிகள் அதிகம் தேய்ந்திருக்கவில்லை. அக்காலத்தின் புகழ்பெற்ற மெர்சர் ரேஸ்அபவுட், ஸ்டட்ஸ் பேர்கேட் கார்களோ எண்ணிக்கையில் சில, விலையோ செல்வந்தர்களுக்கானது. அவற்றின் அனுபவத்தை நாடியவர்களின் பார்வை தீயணைப்பு வண்டிகள்மீது விழுந்ததில் வியப்பில்லை.

ஏணி, தண்ணீர்க் குழாய்ச் சுருள், பம்பு, மணி ஆகியவற்றைக் கழற்றுகிறார்கள். அடிச்சட்டத்தை வெட்டிக் குறுக்குகிறார்கள். கனத்த சுமையை இழுப்பதற்கென அமைந்த சங்கிலிப் பல்சக்கரங்களை மாற்றிவிட்டால், அதே எஞ்சின் நெடுஞ்சாலை வேகத்தில் பாய்கிறது. நிறுத்துவதுதான் சிக்கல். தொடக்ககால வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. ஓட்டுபவரின் துணிச்சலைப் பாராட்டலாம். எதிரே வருபவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

இது பாரம்பரியத்தைக் காப்பதா, அழிப்பதா? என் பார்வையில், கையில் கிடைத்த வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதில்தான் விடை இருக்கிறது. கொட்டகையில் மட்கிய வெறும் அடிச்சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் ஒருவர் புது உடல் தருகிறார் என்றால், அது பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பியது என்றே மகிழ்வேன். பம்பும் மணியும் பக்கவாட்டில் எழுதிய ஊர்ப் பெயரும் சிதையாத முழு வண்டியை வெட்டுவதை அப்படி ஏற்க இயலவில்லை. அந்த ஊரார் வரிப்பணத்தில் வாங்கி, தங்கள் வீடுகளைக் காக்க நிறுத்திவைத்திருந்த வண்டி அது. வெட்டிய பிறகு அது, தான் ஒருபோதும் ஓடாத பந்தயங்களின் சாயலைப் பூசிக்கொள்கிறது. ஆனால் சந்தை இதற்கு நேரெதிராக இழுக்கிறது. முழு நீள வண்டியை நிறுத்த எத்தனை வீடுகளில் இடம் இருக்கும்? இரண்டு இருக்கைக் காருக்கு வாங்குவோர் எளிதில் கிடைப்பர்.

பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், பழைய வாகனத்தில் செய்யப்படும் மாற்றங்களை ஆவணப்படுத்தச் சொல்கிறது. தடையைவிட இது நடைமுறைக்கு உகந்தது. எந்த ஊருக்கு எந்த ஆண்டு விற்கப்பட்டது, எதுவெல்லாம் கழற்றப்பட்டது என்ற குறிப்பு காரோடு சேர்ந்தே கைமாற வேண்டும். கழற்றிய பம்பையும் மணியையும் உருக்க அனுப்பாமல், அந்த ஊரின் தீயணைப்பு நிலையத்துக்கே திருப்பித் தரலாம்.