சீன ஊசியும் பீங்கான் முதுகும்

பீங்கான் பொம்மை உடைந்தால் 'படீர்' என்று சத்தம் கேட்கும். பொம்மை செய்கிறவரின் முதுகு ஒடிந்தால்? சத்தமே வராது. ராத்திரி பாயில் புரளும்போது 'ஸ்ஸ்... அம்மாடி' என்று ஒரு முனகல். அவ்வளவுதான்!

விருத்தாசலத்தில் ஒரு பக்கம் பழமலைநாதர், இன்னொரு பக்கம் பீங்கான். அகல்விளக்கு, கப், கொலு பொம்மை என்று சகலமும் சூளையில் வெந்து வெளியே வரும். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, பிசிறை வழித்து, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். 'குனிந்த தலை நிமிராத பெண்' என்று கல்யாணத் தரகர் சொன்னால் பெருமை. பட்டறையில் அதற்குப் பெயர் கழுத்து வலி!

தைலம் தேய்த்தாச்சு, மாத்திரை முழுங்கியாச்சு. அடுத்து யாராவது வருவார்: "அக்குபஞ்சர் பாருங்களேன்... பத்தே சிட்டிங்!" நான் பி.காம்.காரன். வைத்தியம் தெரியாது, வரவு செலவு தெரியும். ஊசிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போமா?

முதலில், இது நம்ம ஊருக்கு வந்த கதை. 1938-ல், ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் போனார்கள். அதில் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிரை விட்டார். இன்னொருவர் கல்கத்தாவின் பி.கே.பாசு. அவர் 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய், ஊசி வித்தையைக் கற்று வந்து கல்கத்தாவில் ஆரம்பித்தார்.

சரி, வலி போகுமா?

ஜெர்மனியில் ரொம்ப நாள் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டிக்கு முறைப்படி அக்குபஞ்சர். இரண்டாவதுக்குப் 'பொய்' ஊசி. அதாவது, புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவதுக்கு வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி. ஆறு மாதம் கழித்து வந்த ரிசல்ட் 2007-ல் வெளியானது. நல்ல பலன் கண்டவர்கள், நிஜ ஊசியில் 47.6 சதவீதம், பொய் ஊசியில் 44.2, மாத்திரை கோஷ்டியில் 27.4!

சிரிப்பு வருகிறதா? ஊசி ஜெயித்தது. ஆனால் எங்கே குத்தினாலும் கிட்டத்தட்ட ஜெயித்தது!

2018-ல் 39 ஆய்வுகளைச் சேர்த்து, 20,827 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். முதுகு, கழுத்து, தோள் வலி, மூட்டுத் தேய்மானம், தலைவலி எல்லாவற்றிலும் அதே கதைதான். ஊசியே போடாதவர்களைவிட நல்ல நிவாரணம். பொய் ஊசியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பலனில் பெரும்பகுதி ஒரு வருஷம் நின்றது என்பது நல்ல சேதி.

'வழக்கமான வைத்தியத்தைவிட மேல்தானே' என்று ஜெர்மனி, இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் இன்ஷூரன்ஸில் பணம் தர 2006-ல் முடிவெடுத்தது. இங்கிலாந்தோ, 2009-ல் இடுப்பு வலிக்குச் சிபாரிசு செய்துவிட்டு, 'பொய் ஊசியைத் தாண்டவில்லையே' என்று 2016-ல் வாபஸ் வாங்கியது. ஒரே பேரேடு, இரண்டு ஆடிட்டர்!

நம்ம கணக்கு என்ன? தினக்கூலிக்காரருக்கு ஒரு சிட்டிங் என்றால் ஃபீஸ் மட்டுமில்லை, அரை நாள் சம்பளமும் போச்சு. ஆகவே மொத்தச் செலவை முதலிலேயே கேளுங்கள். ஐந்தாறு தடவையில் துளியும் குறையவில்லையா? கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஊசி புது பாக்கெட்டிலிருந்து உங்கள் கண்ணெதிரே வரணும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லணும். நெஞ்சிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. படித்த கைதான் வேண்டும்.

"எல்லா மாத்திரையையும் நிறுத்து" என்று யாராவது சொன்னால் செருப்பைத் தேடுங்கள். அடிக்க இல்லை சார், மாட்டிக்கொண்டு கிளம்ப! முடக்குவாதத்துக்கு மருந்தை நிறுத்தினால் மூட்டே கெட்டுப்போகும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிதான்.

ஊசி வலியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வலி வந்த காரணத்தை வாங்கிக்கொள்ளாது. மறுநாள் அதே தாழ்ந்த பலகை முன்னால் குனிந்தால், அதே வலி வட்டியோடு வரும். பலகையை அரை அடி உயர்த்த சீனா வரை போகவேண்டாம். நாலு செங்கல் போதும்!