புகையானும் கொரோனாவும்: சில திரிபுகள் மட்டும் ஏன் வேகமாகப் பரவின?

ஐ.ஆர்.26 நெல் ரகத்தை மூத்த உழவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். புகையானைத் தாங்கி நிற்கும் என்று சொல்லி, 1973-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் பெரும் பரப்பில் நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுதான். அந்த நெல்லையும் உறிஞ்சுகிற புகையான் பெருகி, வயல் காய்ந்தது. புகையான் என்ன பள்ளிக்கூடம் போய்ப் படிச்சுட்டா வந்தது? கூட்டத்தில் அப்படிப்பட்டவை ஏற்கனவே ஒன்றிரண்டு இருந்தன. மற்றவை தீனி கிடைக்காமல் குறைய, இவை மட்டும் பெருகின.

கொரோனா திரிபுகளின் கதையும் இதேதான். கிருமிக்கு மூளை கிடையாது, திட்டமும் கிடையாது. சுமார் 30,000 எழுத்து கொண்ட ஒரு குறிப்புதான் அதன் மூலதனம். நம் உடம்புக்குள் அதைப் படி எடுக்கும்போது அங்கங்கே எழுத்து பிசகும். பெரும்பாலான பிசகு ஒன்றுக்கும் உதவாது. அபூர்வமாக ஒன்று, பரவுவதற்குத் தோதாக அமைந்துவிடும்.

எப்படித் தோதாகும்? கிருமியின் மேல் ஸ்பைக் புரதம் என்கிற முட்கள் இருக்கின்றன. நம் செல்லின் மேலுள்ள கொக்கியில் அந்த முள் மாட்டினால்தான் உள்ளே நுழைய முடியும். 2020 தொடக்கத்திலேயே முள்ளின் 614-ஆம் இடத்தில் ஒரே ஒரு மாற்றம் வந்தது. சில மாதங்களில் உலகம் முழுக்க அந்த வகைதான். அதே ஆண்டு செப்டம்பரில் எடுத்த மாதிரிகளில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தெரியவந்தது ஆல்பா. அதில் 501-ஆம் இடம் மாறி, கொக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

டெல்டாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜனுக்கு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். முள் வேலை செய்ய, அதை ஓரிடத்தில் வெட்டிவிட வேண்டும். வெட்டுகிற அரிவாளோ நம்முடையது, ஃபியூரின் என்ற நம் உடம்பின் நொதி. டெல்டாவில் 681-ஆம் இடம் மாறியதால் வெட்டு சுலபமானது. தயாராகவே வெளியே வரும் கிருமி அடுத்த செல்லைச் சட்டென்று பிடிக்கும். சீனாவின் குவாங்டாங்கில் தொற்று உறுதியான முதல் நாளிலேயே நோயாளிகளிடம் பழைய வகையைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு கிருமி இருந்தது. இருமலே வராத ஆளும் பேசும்போது பரப்பிவிடுவார்.

"போகப் போகக் கிருமி சாதுவாயிடும்" என்று நம் கூட்டங்களில் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டெல்டா ஆல்பாவைவிடக் கடுமையாகத்தான் இருந்தது. ஆள் படுக்கையில் விழுவதற்கு முன்பே கிருமி அடுத்தவருக்குத் தாவி முடித்துவிடுகிறது. பிறகு அவர் பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன, அதற்கு லாப நஷ்டமே இல்லை. சாதுவாக வேண்டிய கட்டாயம் எங்கே?

இன்னொரு சங்கதி. தென்னாப்பிரிக்காவில் தோன்றிய பீட்டாவுக்கு நம் எதிர்ப்புச் சக்தியை ஓரளவு ஏய்க்கிற திறமை இருந்தது. ஆனாலும் டெல்டாவிடம் தோற்றது. அப்போது உலகில் பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை. ஏய்ப்பதால் என்ன பயன்? வேகம்தான் ஜெயித்தது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தபோது களம் மாறியிருந்தது. தொற்று வந்தோ, தடுப்பூசி போட்டோ கோடிக்கணக்கானோர் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தார்கள். முள்ளில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்த ஒமிக்ரான் அந்த வேலியைத் தாண்டியது. ஹாங்காங்கில் சோதித்தபோது, மூச்சுக்குழாய்த் திசுவில் டெல்டாவைவிட 70 மடங்கு பெருகியது. நுரையீரல் திசுவில் குறைவாகவே பெருகியது. பலருக்கு நோய் தணிவாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கிருமியின் கருணை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆக, திரிபின் திறமை பாதி, அது விழுகிற களம் பாதி. களத்தை நாமே உழுது கொடுத்த இடமும் உண்டு. டென்மார்க்கில் ரோமத்துக்காக மிங்க் என்ற, கீரி போன்ற விலங்கை வரிசை வரிசையாகக் கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். மனிதரிடமிருந்து அவற்றுக்குத் தொற்றியது. ஒரே இனம், நெருக்கியடித்த கொட்டகை, ஐ.ஆர்.26 வயல் மாதிரியேதான். முள் மாறிய கிருமி அங்கிருந்து மனிதருக்கே திரும்பியது. 'கிளஸ்டர் 5' என்ற ஒரு வகை 12 பேரிடம் காணப்பட்டது. தடுப்பூசியையே செல்லாக்காசாக்கிவிடுமோ என்ற பயத்தில் 2020 நவம்பரில் எல்லா மிங்குகளையும் கொல்ல அரசு உத்தரவிட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள். அப்படி உத்தரவிடச் சட்டத்தில் இடமே இல்லை என்று பிறகு தெரிந்து, வேளாண் அமைச்சர் பதவி விலகினார். கிளஸ்டர் 5 அதற்கு மேல் பரவவில்லை. வளர்ப்புக்கான தடை 2022 இறுதியோடு முடிந்தது. பழைய பண்ணையாளர்களில் வெகு சிலரே திரும்ப ஆரம்பித்தார்கள்.