சிப் பங்கு வாங்கப் போறீங்களா? தக்காளி விலையை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க!

"செமிகண்டக்டர் பங்கு வாங்கிப் போடுங்க, பத்து வருஷத்துல கோடீஸ்வரர்!" இந்த மாதிரி வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் பீடி சுற்றும் முக்கூடல் வரை வந்துவிட்டன. நெல்லைப் பக்கம் இதற்கு மவுசு கூட ஒரு காரணமும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் சுமார் 4,300 கோடி ரூபாயில் அமைந்த டி.பி.சோலார் ஆலை, 2024 செப்டம்பரில் சோலார் செல் தயாரிப்பைத் தொடங்கியது. சோலார் செல், செல்போன் சிப் இரண்டுக்கும் அடிப்படை சிலிக்கான் என்ற செமிகண்டக்டர்தான்.

தொழில் பெரிய தொழில்தான். ஆனால், ஒரே சீராக வளராது.

ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? விலையைப் பார்த்துப் பலரும் நட்டார்கள். செப்டம்பரில் விலை சரிந்தது. சிப்பிலும் இதே கதைதான். தக்காளி சில மாதங்களில் காய்த்துவிடும். சிப் ஆலை கட்ட இரண்டு, மூன்று வருஷம் ஆகும். தட்டுப்பாட்டின்போது அஸ்திவாரம் போட்டால், ஆலை திறக்கும் நேரத்தில் சந்தையில் சரக்கு குவிந்து கிடக்கும். ஆலையை நிறுத்தினாலும் செலவு நிற்காது என்பதால், நஷ்டத்துக்கும் விற்பார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

உலக சிப் விற்பனை 2022-ல் சுமார் 57,400 கோடி டாலர். 2023-ல் 52,700 கோடியாகக் குறைந்து, 2024-ல் 62,700 கோடியைத் தொட்டது. மெமரி சிப் தயாரிக்கும் மைக்ரான், 2022 நிதியாண்டில் சுமார் 870 கோடி டாலர் லாபம் பார்த்தது. அடுத்த ஆண்டே 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! சோலாருக்கான பாலிசிலிக்கான், சீனாவில் 2022-ல் கிலோ சுமார் 300 யுவான். 2024-ல் 40 யுவானுக்கும் கீழே.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* தொழில் உச்சத்தில் இருக்கும்போது லாபம் அதிகம். அதனால் பி.இ. விகிதம் குறைந்து, பங்கு மலிவாகத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

* பங்கு விலை லாபத்துக்கு முன்னால் ஓடும். 2023 மார்ச்சில் மைக்ரான் பெரிய நஷ்டத்தை அறிவித்தபோது, அதன் பங்கு 2022 டிசம்பர் விலையைவிட ஏறியிருந்தது.

* கடன் எவ்வளவு, விற்காத சரக்கு எவ்வளவு என்று பாருங்கள். சரிவைத் தாங்குமா என்பது அதில் தெரியும்.

* 'நம்ம ஊர் ஆலை' என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். டி.பி.சோலார் தனியாகப் பங்குச் சந்தையில் இல்லை. தாய் நிறுவனமான டாடா பவருக்கு நிலக்கரி மின்சாரம், மின் விநியோகம் எனப் பல தொழில்கள் உண்டு.

* மகளின் காலேஜ் ஃபீஸ், சீட்டு எடுத்த பணம், நகைக்கடன் பணம் மூன்றையும் தொடவே வேண்டாம். இறங்கிய பங்கு ஏற இரண்டு வருஷமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஃபீஸ் கட்டும் தேதி அதுவரை காத்திருக்காது.