முதலை ஏன் அசைவதே இல்லை?

ஹைதராபாத்தின் சனத்நகரிலிருந்து முதலை பார்க்கப் போக இரண்டு வழி உண்டு. எர்ரகட்டாவிலோ பரத் நகரிலோ மெட்ரோ ஏறி எம்.ஜி.பி.எஸ். நிலையத்தில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் பகதூர்புராவில் உள்ள நேரு உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். இல்லையென்றால் மூசாபேட்டில் மும்பை நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே சங்காரெட்டி வரை போய், மஞ்சீரா சரணாலயத்தில் அவற்றை அவற்றின் சொந்தத் தண்ணீரிலேயே பார்க்கலாம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தாலும் பிள்ளைகளுக்கு லீவு விட்டாலும் பெரும்பாலோர் போவது முதல் வழியில்தான்.

மீர் ஆலம் ஏரியை ஒட்டி 380 ஏக்கரில் விரிந்திருக்கும் நேரு பூங்கா 1963இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிங்கம், யானை முன்னால் கூட்டம் நின்று பார்க்கும். முதலைத் தொட்டிக்கு வந்ததும் நிலைமை வேறு. சுவரைப் பிடித்து எட்டிப் பார்ப்பார்கள். மேட்டில் சாம்பல் நிறத்தில் நாலைந்து கிடக்கும். “அப்பா, இது பொம்மையா?” என்று ஒரு குழந்தை கேட்கும். “இரு, எழுப்பிக் காட்டறேன்” என்று அப்பா கீழே குனிந்து கல் தேடுவார். கல் கிடைக்காவிட்டால் தண்ணீர் பாட்டில் பறக்கும். சென்னை, அமராவதி அணை, ஒகேனக்கல் என்று முதலைகள் வைத்திருக்கும் எந்த ஊரிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். காவலாளி விசில் ஊதி ஓய்ந்துபோகிறார்.

முதலை அசையாமல் கிடப்பது சோம்பேறித்தனமோ நோயோ அல்ல. நம்மைப் போலவோ பசுவைப் போலவோ உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. தேவையான சூட்டை வெயிலிடமிருந்து வாங்கியாக வேண்டும். காலையில் மேட்டில் ஏறிக் கிடப்பதும், உச்சி வெயிலில் நிழலுக்கோ தண்ணீருக்கோ இறங்குவதும் அந்தக் கணக்கில்தான். உடம்புச் சூட்டுக்காகத் தீனியை எரிக்க வேண்டிய அவசியமில்லாததால் அதற்குச் சாப்பாடும் குறைவாகவே போதும். வளர்ந்த முதலைக்குத் தினசரித் தீனி வேண்டியதில்லை. கோடையில் குளம் வற்றினால் நம்மூர் நன்னீர் முதலை கரையில் வளை தோண்டி அதற்குள் முடங்கி, வாரக்கணக்கில் பட்டினியாகவே கிடக்கும். அசைவைச் சிக்கனம் பண்ணத் தெரிந்ததால்தான் அந்த இனம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

அசைவே இல்லை என்பதும் சரியல்ல. தண்ணீரில் மிதக்கும் ஒரு முதலையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் மூக்கு நுனியைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். அங்கே இரண்டு சிறு மூடிகள் இருக்கும். அவை திறக்கும், காற்று உள்ளே போகும், விலாப்பக்கம் லேசாகப் புடைக்கும், மூடிகள் அடைத்துக்கொள்ளும். பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்காது. கண்ணைக் கவனித்தால் உட்புற மூலையிலிருந்து கண்ணாடி போன்ற ஒரு சவ்வு குறுக்கே ஓடித் திரும்பும். தண்ணீருக்குள் அதுதான் கண்ணுக்குக் காப்பு. தாடையின் ஓரத்தில் மிளகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் தொடுவுணர்வு உறுப்பு. நீரில் சிறு அலை எழுந்தாலும் இருட்டிலேயே அதை அறிந்துகொள்ளும். மேட்டில் வாயைப் பிளந்தபடி கிடப்பதைப் பார்த்து, கடிக்கக் காத்திருக்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அது தலைச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அப்போது தொண்டைக்குள் எட்டிப் பார்த்தால் மஞ்சளாக ஒரு மடிப்பு தெரியும். தண்ணீருக்குள் வாயைத் திறந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் நீர் புகாமல் அடைத்துக்கொள்ளும் கதவு அது.

அந்தத் தாடையை மூடும் தசைகளுக்கு அசுர பலம். திறக்கும் தசைகளோ மிக பலவீனம். பெரிய முதலையைப் பிடிப்பவர்கள்கூட வாயை மூடவைத்துவிட்டால் ஒரு கயிற்றையோ ரப்பர் பட்டையையோ சுற்றிச் சமாளித்துவிடுகிறார்கள்.

இப்போது கல்லுக்கு வருவோம். கல் பட்டால் முதலைக்கு உறைக்காது என்ற எண்ணம் தவறு. முதுகுத் தோலுக்கடியில் எலும்புத் தகடுகள் இருந்தாலும், கண்ணும் மூக்கும் விலாவும் மென்மையானவைதான். பாட்டிலையும் பாலிதீன் பையையும் இரை என்று விழுங்கினால் அவை வயிற்றிலேயே தங்கிவிடும். பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டு வெருட்டுவதும், குப்பை போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி குற்றம். இதைச் சட்டத்துக்குப் பயந்து விடுவதைவிட, மூக்கு மூடியைப் பார்க்கக் கற்றுக்கொண்டு விடுவது மேல். அதைப் பார்த்துவிட்ட குழந்தை தானாகக் கல் தேடாது என்பது என் நம்பிக்கை.

தொட்டிகளில் முதலைகளை வைத்திருப்பதற்கு ஒரு பின்கதை உண்டு. தோலுக்காகவும் பயத்தினாலும் கொன்று கொன்று, 1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அழிவின் விளிம்புக்கு வந்திருந்தன: ஆறு, குளங்களில் வாழும் நன்னீர் முதலை, கழிமுகங்களின் உவர்நீர் முதலை, வட இந்திய ஆறுகளில் மீன் பிடித்துத் தின்னும் நீண்ட மூக்குக் கரியால். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. திட்டத்தின் யோசனை எளிமையானது. காட்டில் பொரியும் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை உடும்பும் கொக்கும் பெரிய மீன்களும் தின்றுவிடுகின்றன. எனவே முட்டைகளை எடுத்து வந்து பொரிக்கவைத்து, எளிதில் இரையாகாத அளவு வளர்த்து, ஆற்றில் விட்டுவிடலாம். இதற்கான அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் பயிற்றுவிக்க மத்திய அரசின் பயிற்சி நிலையம் அமைந்தது ஹைதராபாத்தில்தான். இந்தியாவின் பல ஆறுகளில் முதலைகள் மீண்டதில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. ஹைதராபாத்காரர்களில் எத்தனை பேர் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

தமிழ்நாட்டில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். அமராவதி அணையிலும் அந்த ஆண்டுகளிலேயே ஒரு பண்ணை வந்தது. வடநெம்மேலியில் நடந்த ஆய்வுகள் முதலையைப் பற்றிய பல எண்ணங்களைப் புரட்டிப்போட்டன. முட்டையில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது கூட்டின் சூடு. நன்னீர் முதலையின் முட்டைகளை 28 முதல் 31 டிகிரி வரை வைத்தால் பெண் குஞ்சுகளே வரும், 32.5 டிகிரியில் ஆண்கள். ஒன்றிரண்டு டிகிரியில் ஒரு தலைமுறையே திசைமாறும் என்றால், ஆண்டுக்கு ஆண்டு ஏறும் கோடை வெப்பம் இந்த இனத்தை என்ன செய்யும் என்ற கவலை இயல்பாகவே எழுகிறது.

அங்கே கண்ட இன்னொரு விஷயம் எனக்கு அதைவிடப் பிடித்தது. பொரிக்கும் நேரம் நெருங்கும்போது குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். தாய் மண்ணைத் தோண்டி, பொரியாமல் திணறும் முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டி உடைத்து, குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும். எலும்பை நொறுக்கும் அதே தாடைதான். தந்தை முதலையும் இந்த வேலையைச் செய்வதை ஆய்வாளர்கள் வடநெம்மேலியில் நேரில் பார்த்து 1980களில் எழுதினார்கள்.

நன்னீர் முதலை அடைப்பில் நன்றாகவே பெருகியது. ஒரு பருவத்தில் ஒரு தடவை முட்டையிடும் என்று நினைத்திருந்த இடத்தில், வடநெம்மேலியில் இரண்டு தடவை இட்டது. பண்ணைகள் நிறைந்தன. ஆனால் விடுவதற்கு ஆறு எங்கே? மணல் போன ஆற்றங்கரையில் கூடு தோண்ட முடியாது. மீன்வலையில் சிக்கும் குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். கரையில் ஊர் வளர்ந்துவிட்டது. 1990களில் நன்னீர் முதலைகளை விடுவது ஏறக்குறைய நின்றே போனது. இனி பெருகக் கூடாது என்று ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டிகளில் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. ஆற்றுக்குத் திரும்பும் வழியில் தங்கவைக்கப்பட்ட ஒரு தலைமுறை வழியிலேயே முடங்கிப்போனது. தொட்டியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தலைமுறையையும் அதன் பிள்ளைகளையும்தான். குற்றம் முதலைத் திட்டத்தினுடையது அல்ல. ஆறுகளை நாம் வைத்திருக்கும் லட்சணம் அப்படி.

அவிநாசியில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்ட கதையை இன்றும் கோயில் திருவிழாவில் நடத்திக் காட்டுகிறார்கள். கொங்கு நாட்டுக் குளத்தில் முதலை இருந்ததைக் கேட்டு அந்தக் காலத்தில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இன்று அந்தப் பக்கத்துக் குழந்தைக்கு முதலை காட்ட வேண்டுமானால் அமராவதிப் பண்ணைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஆகவே இரண்டாவது வழியையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். மஞ்சீரா, கோதாவரியின் துணையாறு. 1960களில் அதன் குறுக்கே கட்டிய அணையிலிருந்தும் ஹைதராபாத்துக்கும் செகந்திராபாத்துக்கும் குடிநீர் வரத் தொடங்கியது. அந்த நீர்த்தேக்கத்தையே 1978இல் முதலைகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். பண்ணையில் வளர்ந்த முதலைகளை அங்கே விட்டார்கள். மஞ்சீரா குழாயில் பழுது, தண்ணீர் வராது என்ற அறிவிப்பு நகரத்தின் மேற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் புதிதல்ல. அந்தக் குழாயின் மறுமுனையில் முதலைகள் இருக்கின்றன என்பது பலருக்குப் புதிது. 2016 கோடையில் சிங்கூர் நீர்த்தேக்கமும் மஞ்சீராவும் வற்றியபோது அங்கிருந்து நகரத்துக்கு வந்த குடிநீரும் நின்றது, முதலையின் நீரும் நின்றது.

அங்கே தொட்டிச் சுவர் கிடையாது. எதிரில் முதலை கிடக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. கோரைப்புல், சிறு தீவுகள், நாரைக் கூட்டம். பைனாகுலர் இருந்தால் கரையோரத்தில் மரக்கட்டைபோலத் தெரிவதில் எதற்குக் கண் இருக்கிறது என்று தேட வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை வெயிலேறும் நேரம் நல்லது. முதலை கரையேறிக் குளிர்காயும், வலசைப் பறவைகளும் வந்திருக்கும். அதற்கடுத்து முட்டைப் பருவம். கூட்டைக் காக்கும் தாய் அருகில் இருக்கலாம். அந்தப் பருவம் என்றில்லை, எந்த மாதத்திலும் வனத்துறை ஊழியர் சொல்லாத இடத்தில் தண்ணீர் விளிம்புக்குப் போகக் கூடாது. நேரு பூங்காவுக்குப் போவதென்றால் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய், முதலைத் தொட்டியை முதலில் பாருங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் அந்த மூக்கு மூடி திறந்து மூடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.